எலியின் பெருங்குடல்: ஆய்வக மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கக் கல்லூரிகளில் விலங்கியல், உயிர்த்தொழில்நுட்பம், பார்மசி படிப்பவர்கள் ப்ராஜெக்ட் காலம் நெருங்கினால் கேட்கும் கேள்விகள் இவை. எலி, சுண்டெலி பற்றித்தான் அதிகம். கினிப்பன்றியும் ஹாம்ஸ்டரும் இடையிடையே வரும். மனிதப் பெருங்குடல் படத்தை மனசில் வைத்துக்கொண்டு எலியைத் திறந்தால் பாதி விஷயம் தப்பாகப் புரியும். குடலில் எந்த இடத்தில் துண்டு எடுத்தோம் என்று எழுதி வைக்காவிட்டால் மீதிப் பாதியும் போய்விடும். கீழே இருக்கும் பதில்களில் பலவும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சுற்றி வருகின்றன.

எலிக்குப் பெருங்குடல் என்றால் எது முதல் எது வரை?

சிறுகுடல் முடியும் இடத்திலிருந்து ஆசனவாய் வரை. வரிசையாகச் சொன்னால் பை போன்ற குருட்டுக்குடல், அதற்கு அடுத்து நீளமாக ஓடும் குழாயான கோலன், கடைசியில் மலக்குடல். விஸ்டார் என்ற ஆய்வக வகையில் வளர்ந்த எலியின் சிறுகுடல் ஒரு மீட்டரைத் தாண்டும். பெருங்குடல் முழுவதையும் சேர்த்தால் கால் மீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும். அதில் குருட்டுக்குடல் மட்டும் 5 முதல் 7 செ.மீ. வரும். நீளத்தில் அது கால் பங்குதான், ஆனால் வயிற்றைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுவே. சுண்டெலியில் குருட்டுக்குடல் 3, 4 செ.மீ. இருக்கும், கோலனும் மலக்குடலும் சேர்ந்து பெரும்பாலும் 8 முதல் 10 செ.மீ. வரும். எலியின் வகை, வயது, எடை மாறினால் இந்த எண்களும் மாறும். அதனால் புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு உங்கள் எலியை ஒப்பிடாதீர்கள். உங்கள் கன்ட்ரோல் எலியோடு, அதாவது மருந்து கொடுக்காமல் ஒப்பிட வைத்திருக்கும் எலியோடு, ஒப்பிடுங்கள்.

மனிதப் படத்தில் இருப்பதில் எதெல்லாம் எலியில் இல்லை?

முதலில், குடல்வால் இல்லை. "அப்பென்டிக்ஸ் எங்கே சார்?" என்று தேடாதவர்கள் குறைவு. எலியிலும் சுண்டெலியிலும் குருட்டுக்குடல் மொட்டையாக முடியும். ஆனால் அந்த நுனிப்பக்கச் சுவரில் நிணநீர்த் திசு ஒரு திட்டாகச் சேர்ந்திருக்கும். நோய் எதிர்ப்பு வேலையில் குடல்வாலுக்கு இணையாகப் பேசப்படுவது அந்தத் திட்டுதான்.

அப்புறம், மனிதக் கோலனில் நீளவாட்டுத் தசை மூன்று பட்டைகளாகத் திரண்டிருக்கும், குடல் பைபையாகப் புடைத்திருக்கும். எலிக்கும் சுண்டெலிக்கும் அந்தப் பட்டையும் இல்லை, புடைப்பும் இல்லை. நீளவாட்டுத் தசை சுற்றிலும் ஒரே சீரான படலமாக ஓடுகிறது, வெளிப்பரப்பு வழவழப்பாக இருக்கும். மனிதனுக்குக் கீழே எஸ் வடிவில் வளையும் சிக்மாய்டு பகுதி இருக்கிறது. எலியின் இறங்கு கோலன் அப்படி வளையாமல் நேராக மலக்குடலில் சேர்ந்துவிடும்.

பெருங்குடலோடு சம்பந்தம் இல்லை என்றாலும் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள், சொல்லி வைக்கிறேன்: எலிக்குப் பித்தப்பை கிடையாது, சுண்டெலிக்கு உண்டு.

வயிற்றைத் திறந்ததும் எதை வைத்து அடையாளம் பிடிப்பது?

குருட்டுக்குடலை வைத்துத்தான். சாம்பல் கலந்த பச்சையாகவோ பழுப்பாகவோ, காற்புள்ளி போல வளைந்து, அடிவயிற்றில் கிடக்கும். பெரும்பாலும் இடப்பக்கமோ நடுவிலோ இருக்கும், ஆனால் ஓர் இடத்தில் கட்டிப்போட்டதல்ல. நிரம்பியிருப்பதைப் பொறுத்து நகரும். மனிதனுக்கு வலப்பக்கம்தானே என்று அங்கேயே துழாவிக்கொண்டிருக்க வேண்டாம்.

அதை விரலால் மெல்லத் தூக்கிப் புரட்டுங்கள். உள்வளைவுப் பக்கத்தில், அகன்ற அடிப்பகுதியில் இரண்டு குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேரும். ஒன்று இலியம் (சிறுகுடலின் கடைசிப் பகுதி), மற்றது கோலன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் திறப்பதால் புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். சுலபமான வழி ஒன்று உண்டு: ஆசனவாயிலிருந்து பின்னோக்கி வாருங்கள். இறங்கு கோலனில் புழுக்கைகள் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு நிற்பது சுவர் வழியாகவே தெரியும். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் புழுக்கை மறைந்து கூழ் தொடங்கும், அங்கிருந்து குருட்டுக்குடலுக்கு வந்து சேர்வீர்கள். மிச்சமிருக்கும் குழாய் இலியம். அதன் சுவர் மெலிதாக இருக்கும், உள்ளே இருப்பது தண்ணீராக இருக்கும்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. எலியின் முன்பக்கக் கோலனில் சாய்வான கோடுகள் இறகின் வரிகள் மாதிரி வெளியிலிருந்தே தெரியும். இலியத்தில் அப்படி எதுவும் இல்லை.

அந்தச் சாய்வான கோடுகள் என்ன?

உள்ளே இருக்கும் சளிப்படலத்தின் மடிப்புகள். கோலனை நீளவாட்டில் வெட்டி, மெழுகுத் தட்டில் விரித்து, குளிர்ந்த சலைனால் (உப்புக் கரைசலால்) அலசிவிட்டுப் பாருங்கள். குருட்டுக்குடலை ஒட்டிய பகுதியில் மடிப்புகள் இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக வந்து நடுவில் கூடும். இன்னும் கீழே போனால் அவை மறைந்து, குடலின் போக்கிலேயே நீளமாக ஓடும் மடிப்புகள் வரும். முன் கோலன் எங்கே முடிகிறது, பின் கோலன் எங்கே தொடங்குகிறது என்று காட்ட வெளியில் கோடு எதுவும் போட்டிருக்காது. இந்த மடிப்புகள் மாறுவதுதான் கையில் இருக்கும் நல்ல அடையாளம்.

மனிதப் படத்தைப் பார்த்து ஏறு, குறுக்கு, இறங்கு கோலன் என்று மூன்றாகப் பிரித்து எழுதலாம், தப்பில்லை. ஆனால் எலியில் குறுக்குக் கோலன் மிகவும் குட்டை. சுண்டெலியில் அதைத் தனியாக வெட்டி எடுத்தேன் என்று ஒருவர் எழுதினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். முன், நடு, பின் என்று பிரித்து, குருட்டுக்குடலிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ எத்தனை செ.மீ. தள்ளி எடுத்தீர்கள் என்று குறித்தால் போதும். ப்ராஜெக்ட் அறிக்கைகளில் "கோலன் திசு எடுக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்தக் கோலன்? முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் மடிப்பு வேறு, சளிப்படலக் குழிகளின் ஆழம் வேறு, சளி சுரக்கும் கோப்பை செல்களின் எண்ணிக்கை வேறு. கன்ட்ரோல் எலியில் முன்பக்கத் துண்டும் மருந்து கொடுத்த எலியில் பின்பக்கத் துண்டும் எடுத்துவிட்டு வித்தியாசம் வந்தது என்றால், அது மருந்தால் வந்ததா, கத்தரி பட்ட இடத்தால் வந்ததா என்று யார் சொல்வது?

இவ்வளவு சின்ன உடம்புக்கு இவ்வளவு பெரிய குருட்டுக்குடல் எதற்கு?

அது நொதிக்கும் பை. எலியின் சொந்த நொதிகளால் செரிக்க முடியாத நார்ப்பொருளைப் பாக்டீரியாக்கள் அங்கே உடைத்து, அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றைக் குடல் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. அதே பாக்டீரியாக்கள் பி வகை வைட்டமின்களையும் வைட்டமின் கே-யையும் தயாரிக்கின்றன. ஆனால் அந்த வைட்டமின்களை நன்றாக உறிஞ்சும் சிறுகுடல் முன்னாலேயே கடந்துபோய்விட்டதே? அதற்குத்தான் எலி தன் புழுக்கையைத் தானே தின்கிறது. ஆசனவாயிலிருந்தே நேராக வாயில் வாங்கிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பு, எலிக்கு அது இரண்டாம் பந்தி.

ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் பெருங்குடல் காலியாகிவிடுமா?

ஆகாது. இரைப்பை பெருமளவு காலியாகும், குருட்டுக்குடலில் சரக்கு இருந்துகொண்டேதான் இருக்கும். கம்பிவலைத் தரை போட்டால் புழுக்கை தின்பது குறையும், முழுவதும் நிற்காது. ஆசனவாயிலிருந்தே வாயில் வாங்கிக்கொள்ளும் என்று மேலேயே சொன்னேன். சுண்டெலி ராத்திரியில் தின்கிற பிராணி. அதை ராத்திரி பட்டினி போட்டால் உடல் எடை கணிசமாக இறங்கும். பெருங்குடல் வேலைக்கு மட்டும் என்றால் பட்டினியே தேவையில்லை.

வீட்டில் ஆட்டுக்குடல் சுத்தம் செய்து பழக்கம் உண்டு. எலிக்குடலும் அப்படித்தானே?

சிரித்துக்கொண்டே கேட்ட கேள்விதான், ஆனால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. செட்டிநாட்டு வீடுகளில் குடல் குழம்புக்கு என்ன செய்கிறோம்? குடலைப் புரட்டி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, வெந்நீரில் அலசி, வழவழப்பு போகும்வரை தேய்க்கிறோம். தேய்த்து எறிகிற அந்த வழவழப்பில் போவது சளியும் சளிப்படலமும். ஆய்வகத்தில் நமக்கு வேண்டியதே அதுதான். அங்கே சுத்தம் என்பது, மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சில் குளிர்ந்த சலைன் எடுத்து, மெதுவாக உள்ளே விட்டு, சரக்கை வெளியே தள்ளுவது மட்டும். தேய்க்கக் கூடாது, விரலால் வழிக்கக் கூடாது, வெந்நீர் கூடவே கூடாது.

இன்னொரு வித்தியாசம். கடையில் ஆட்டுக்குடலைப் பார்த்தால் கோலன் சுருள் சுருளாக வட்டமடித்து ஒரே தட்டில் அடுக்கியிருக்கும். அது அசைபோடும் விலங்குகளின் அமைப்பு. எலியில் அந்தச் சுருள் கிடையாது.

நீளம் அளப்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருகிறது. ஏன்?

இழுப்பதால். பிணைக்கும் சவ்வையும் கொழுப்பையும் நறுக்கி எடுத்த பிறகு கோலன் ரப்பர் மாதிரி நீளும். குருட்டுக்குடலும் கோலனும் சேரும் இடத்திலிருந்து ஆசனவாய் வரை வெட்டி எடுத்து, சலைனில் நனைத்த வழவழப்பான பரப்பில், இழுக்காமல் நேராகக் கிடத்தி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். எல்லா எலிகளுக்கும் ஒரே ஆள் அளக்கட்டும், எது எந்தக் குழு என்று அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். குடல் அழற்சி ஆய்வுகளில் கோலன் குட்டையாவதுதான் முக்கியமான அளவு. அங்கே வரும் வித்தியாசமே சில செ.மீ.தான், இழுத்தால் அதுவும் காணாமல் போய்விடும்.

ஸ்லைடில் சளிப்படலம் பிய்ந்து பிய்ந்து தெரிகிறது. ஸ்டெயினில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. எலி செத்த சில நிமிடங்களிலேயே குடலின் மேல்படலம் தானாகவே சிதைய ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில், ஃபேன் மட்டும் சுற்றும் ஒரு லேபில், நான்கு எலிகளை வரிசையாகத் திறந்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் கடைசியில் ஃபார்மலினில் போட்டால் முதல் எலி வீண்தான். ஒன்றைத் திறந்து, பெருங்குடலை எடுத்து, திசு கெடாமல் காக்கும் 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஃபார்மலின் திசுவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். சரக்கோடு அப்படியே போடாதீர்கள், உள்ளே ஃபார்மலின் போகாது.

சளிப் படிவத்தையே பார்க்க வேண்டும் என்றால் ஃபார்மலின் உதவாது, சுருங்கிக் கரைந்துவிடும். கார்னாய் கரைசல் போன்ற நீரில்லாத ஒன்றில், சலைனால் அலசாமல், சரக்கோடு சேர்த்தே ஒரு துண்டு எடுக்க வேண்டும். சுண்டெலியின் பின் கோலனில் சளி இரண்டு அடுக்காக இருக்கிறது, சுவரை ஒட்டிய உள்ளடுக்கில் பாக்டீரியாவே கிட்டத்தட்ட இல்லை என்பது 2008-ல் அப்படிப் பார்த்ததில்தான் தெரிந்தது.

மைக்ராஸ்கோப்பில் சிறுகுடல், பெருங்குடல் வித்தியாசம் எப்படித் தெரியும்?

விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இருந்தால் சிறுகுடல். பெருங்குடலில் அவை இல்லை. மேற்பரப்பு தட்டை, அதிலிருந்து லீபர்குன் குழிகள் நேராகக் கீழே இறங்கும். குழியின் அடியில் ஸ்டெம் செல்கள், அங்கே பிறக்கும் செல்கள் மேலேறி வந்து சில நாளில் உதிர்ந்துவிடும். கோப்பை செல்கள் வெள்ளைக் குமிழாகத் தெரியும், பின்பக்கம் போகப்போக அதிகமாகும். குருட்டுக்குடலில் குழிகள் குட்டை. சிறுகுடல் குழியடியில் சிவப்புத் துகள்களோடு இருக்கும் பேனத் செல்கள் எலி, சுண்டெலியின் சாதாரணக் கோலனில் இருக்காது.

முழு நீளத்தையும் ஒரே ஸ்லைடில் பார்க்க ஆசைப்பட்டால் ஸ்விஸ் ரோல் செய்யுங்கள். கோலனை நீளவாட்டில் திறந்து, பின் முனையிலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, குண்டூசி குத்தி, ஃபார்மலினில் போட்டால் ஆயிற்று. சுருளின் நடு எந்த முனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் எங்கிருந்து வருகிறது?

குருட்டுக்குடலுக்கும் கோலனின் முன்பகுதிக்கும் மேல் மெசன்டரிக் தமனி, இறங்கு கோலனுக்குக் கீழ் மெசன்டரிக் தமனி. இதில் மட்டும் மனிதப் படம் ஏறக்குறைய கைகொடுக்கும்.

கினிப்பன்றிக்கும் இதே கதைதானா?

இல்லை, அது வேறு உலகம். கினிப்பன்றியின் குருட்டுக்குடல் 15 முதல் 20 செ.மீ. வரும், வயிற்றின் இடப்பக்கத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருக்கும். செரிமானப் பாதையில் உள்ள மொத்தச் சரக்கில் பாதிக்கு மேல் அதற்குள் இருக்கலாம். எலியில் இல்லை என்று சொன்ன தசைப் பட்டைகளும் பைபையான புடைப்புகளும் இதில் உண்டு. பார்மசி மாணவர்கள் படிக்கும் "டீனியா கோலை" தசைத்துண்டு பரிசோதனைகள் இந்தப் பட்டையில் செய்தவைதான். ஆக்ஸ்ஃபோர்டில் எடித் புல்பிரிங் என்ற ஆய்வாளர் மென்தசையின் மின்செயல்பாட்டைப் படித்தது இதை வைத்துத்தான். கோலனின் முன்பகுதியில் ஒரு நீளப் பள்ளம் ஓடுகிறது. சளியில் சிக்கிய பாக்டீரியாக்கள் அதன் வழியாகக் குருட்டுக்குடலுக்கே திரும்பிப் போகின்றன. பாக்டீரியாவை வீணாக்காமல் சேமிக்கும் ஏற்பாடு அது.

ஆன்டிபயாட்டிக் கொடுத்த சுண்டெலியின் குருட்டுக்குடல் ஊதியிருக்கிறது. நோயா?

நோய் என்று உடனே எழுத வேண்டாம். பாக்டீரியா குறைந்தால் சளியின் சர்க்கரைப் புரதங்களை உடைக்க ஆளில்லை. அவை தங்கித் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கின்றன. பிறந்ததிலிருந்தே கிருமி இல்லாமல் வளர்க்கப்படும் எலி, சுண்டெலிகளில் குருட்டுக்குடல் சாதாரணத்தைவிடப் பல மடங்கு பெரிதாகும், சில சமயம் முறுக்கிக்கொண்டு விலங்கே செத்துவிடும்.

ஆனால் கினிப்பன்றிக்கும் ஹாம்ஸ்டருக்கும் ஆன்டிபயாட்டிக் என்றால் ரொம்பக் கவனம். பென்சிலின் கினிப்பன்றியைக் கொல்லும் என்பது 1940-களிலேயே தெரியும். கிளின்டாமைசின் கொடுத்த ஹாம்ஸ்டர்களின் குருட்டுக்குடல் அழற்சியைத் துரத்திப் போனதில்தான், 1970-களின் கடைசியில், மனிதருக்கும் ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வரும் குடல் அழற்சிக்குக் காரணம் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியா என்று பிடிபட்டது.

அழற்சி, புற்றுநோய் மாதிரிகளில் பெருங்குடலின் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?

மாதிரியைப் பொறுத்தது. அழற்சியை உண்டாக்க டி.எஸ்.எஸ். என்ற வேதிப்பொருளைக் குடிநீரில் கலந்து கொடுத்தால் சுண்டெலியில் அடி பெரும்பாலும் பின் கோலனில். எலிக்கு, அழற்சி உண்டாக்கும் இன்னொரு வேதிப்பொருளான டி.என்.பி.எஸ்.ஸை ஆசனவாய் வழியாக 8 செ.மீ. அளவு உள்ளே குழாய் விட்டுக் கொடுப்பது வழக்கம், காயம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். அசாக்சிமீத்தேன் என்ற புற்றுநோய்த் தூண்டியால் வரும் கட்டிகளும் பின் கோலனில்தான் அதிகம். 1990-ல் அறிவிக்கப்பட்ட, மரபணு மாற்றத்தால் குடலில் கட்டிகள் வரும் "மின்" (Min) வகைச் சுண்டெலியை மனிதப் பெருங்குடல் புற்றுநோய்க்கு மாதிரி என்கிறார்கள், ஆனால் அதன் கட்டிகளில் பெரும்பாலானவை சிறுகுடலில் வருகின்றன. கோலனை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதினால் வேடிக்கையாகிவிடும்.

கருப்புக் கவுனி அரிசி கொடுத்து எலியில் பார்க்கலாம் என்று இருக்கிறேன். என்னென்ன அளக்கலாம்?

இந்தப் பக்கம் வருஷா வருஷம் யாராவது ஒருவர் கவுனியோடு வருவார், நல்ல விஷயம்தான். நார்ப்பொருள் நொதிக்கும் இடம் குருட்டுக்குடல். அதனால் சரக்கோடு எடை, காலி எடை, சரக்கின் பி.ஹெச்., வசதி இருந்தால் குறுங்கொழுப்பு அமிலங்கள். இவற்றை விட்டுவிட்டுக் கோலனில் மட்டும் ஸ்லைடு போட்டால் முக்கியமான கதையே விட்டுப்போகும். கன்ட்ரோல் தீவனத்தில் கவனம் வேண்டும். கடைத் தீவனத்தில் ஏற்கெனவே பலவித நார் இருக்கும், எவ்வளவு என்று மூட்டைக்கு மூட்டை மாறும். ஏ.ஐ.என்.-93 என்ற நிலையான கலவை மாதிரிச் சுத்திகரித்த தீவனத்தில் செல்லுலோஸ் கிலோவுக்கு 50 கிராம் என்று கணக்கு உண்டு. கவுனி தவிட்டால் எதை ஈடுகட்டினீர்கள் என்று சொல்ல முடியும். இன்னொன்று, அடர்நிறத் தீவனத்தால் சரக்கு கறுத்துத் தெரிந்தால் அதை இரத்தக்கசிவு என்று ஸ்கோர் போட்டுவிடாதீர்கள். மறைந்த இரத்தத்துக்கான பரிசோதனை செய்து பாருங்கள்.

வகுப்பில் எல்லோரும் ஆளுக்கொரு எலி அறுத்துப் பார்க்கலாமா?

முடியாது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும் சி.சி.எஸ்.இ.ஏ. குழு இருக்கிறது, நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஆய்வு தொடங்கக் கூடாது. விலங்கியல் வகுப்பு அறுவையைப் பல்கலைக்கழக மானியக் குழுவும் நிறுத்தச் சொல்லிவிட்டது. நியாயம்தான் என்பது என் கருத்து. ஒப்புதல் பெற்ற ஒரு ஆய்வில் எடுக்கப்பட்ட குடல்களைப் பதப்படுத்தி வைத்து, நல்ல படங்களும் ஸ்லைடுகளும் சேர்த்துக் காட்டினால், அவசர அவசரமாக நாற்பது பேர் அறுப்பதைவிட அதிகம் கற்கலாம்.

சுண்டெலிக்கு மலக்குடல் வெளியே வந்திருக்கிறது. என்ன காரணம்?

சுண்டெலியின் மலக்குடல் மிகவும் குட்டை, கடைசிச் சில மில்லிமீட்டருக்கு வெளியுறையும் கிடையாது. அதனால் எளிதில் பிதுங்கும். கோலன் அழற்சி, சிட்ரோபாக்டர் ரொடென்டியம் தொற்று, குடற்புழு எல்லாம் காரணமாகலாம். பார்த்தால் அனிமல் ஹவுஸ் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

குருட்டுக்குடலைத் திறந்தால் வெள்ளை நூல்கள் நெளிகின்றன. என்ன அது?

ஊசிப்புழு. சுண்டெலியில் சைஃபேசியா ஆப்வெலாட்டா பெரும்பாலும் குருட்டுக்குடலில், ஆஸ்பிகுலூரிஸ் டெட்ராப்டெரா கோலனில். எலியில் சைஃபேசியா மூரிஸ். சைஃபேசியா முட்டையை ஆசனவாயைச் சுற்றி இடுவதால் செல்லோடேப் ஒட்டி எடுத்தால் சிக்கும். ஆஸ்பிகுலூரிஸ் அங்கே இடுவதில்லை, புழுக்கையில்தான் தேட வேண்டும். டேப்பில் ஒன்றும் இல்லை என்பதை வைத்துக் காலனி சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். புழு நோய் எதிர்ப்பு அளவுகளையும் மாற்றும், அழற்சி ஆய்வு என்றால் அந்தக் கூண்டின் தரவையே சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் கண்மாய்க் கரையில் பிடித்த வயல் எலியை வைத்துப் பழகலாமா?

வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா அதன் சிறுநீரிலிருந்து உங்கள் கைக்கு வரும். பழகத்தான் வேண்டும் என்றால், அனிமல் ஹவுஸில் வேறொரு ஆய்வு முடிந்து கிடைக்கும் எலியின் பெருங்குடலைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஈரலும் சிறுநீரகமும்தான் வேண்டும், குடல் அப்படியே பையில் போகிறது.